நாகேஸ்வரியின் நற்சான்று

பெல்மியர் கல்லூரியில் மொத்தம் நானூற்றுப் பத்துப் பேர் படிக்கிறார்கள். அதில் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் ஏதாவதொரு கிரேக்க எழுத்தைச் சேர்ந்தவர்கள். மீதி இருபது பேரில் பாதிப் பேர் வகுப்பு முடிந்த கையோடு காணாமல் போய்விடுவார்கள். மிச்சமுள்ளவர்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எச்சில் தட்டுகளை வைக்கும் இரும்பு அடுக்குக்குப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். லண்டன் தெற்கோரத்துச் சட்டனிலிருந்து வந்த அனோஜினி முதல் நாளே அந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். அங்கேதான் இடம் இருந்தது. ஏன் இருந்தது என்பது அவளுக்கு இரண்டாவது வாரம்தான் விளங்கியது.

லண்டன் நடுவில் இப்படியொரு கல்லூரி முளைத்ததற்கு ஓர் அமெரிக்கச் சீமான்தான் காரணம். இங்கே வேலைக்கு வந்த தன் நாட்டவரின் பிள்ளைகள் ஊரை நினைத்து ஏங்கக் கூடாதென்று ஐம்பது வருடத்துக்கு முன் கட்டிவைத்தார். அங்கத்தைய கல்லூரிகளில் உள்ள சகலத்தையும் கொண்டுவந்து இறக்கினார். அதில் முதலாவது 'வீடு' என்று சொல்லப்படும் சங்கங்கள். வீட்டுக்கு வீடு மூன்று கிரேக்க எழுத்து, ஒரு பாட்டு, ஒரு நிறம், ஓர் இரகசியக் கைகுலுக்கல். அமெரிக்கர்கள் குறைந்து இப்போது ஐந்து கண்டத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வீடுகள் மட்டும் அசையவில்லை. கிரேக்க மொழி அங்கே யாரும் படிப்பிப்பதில்லை. உண்மையான கிரேக்கர் ஒருவர் இருக்கிறார், சமையலறையில் உருளைக்கிழங்கு பொரிக்கிறார். அவரை எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை.

அனோஜினிக்கு லாம்ப்டா ஸீட்டா ரோவில் சேர வேண்டும். பெண்களுக்கான மூன்று வீடுகளில் அதுதான் மேல் என்று சொன்னார்கள், அதனால் அவளும் நம்பினாள். உண்மையில் அவளுக்கு மேல் கீழ் எல்லாம் பொருட்டில்லை. சட்டன் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் பாதி தமிழ்ப் பிள்ளைகள். தனியாகச் சாப்பிட்டுப் பழக்கமில்லாதவள். இங்கே நூலகத்துக் கதிரைகூட வீட்டுக்கணக்கில் பிரிந்திருந்தது. விட்டுப்போன வகுப்புக் குறிப்பை யாரிடமாவது கேட்டால், பெயரைக் கேட்பதற்கு முன்பு 'எந்த வீடு?' என்று கேட்டார்கள். முழுப் புலமைப்பரிசில் பெற்று வந்த பிள்ளை, பின்னேர ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மிச்சம் ஜங்ஷன் நிலையம் வரைக்கும் அழுவாள். சட்டனுக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

தட்டடுக்கு மேசையில் அவளுக்கு வாய்த்த துணை ஷெறோன். டூட்டிங் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, இரண்டாம் வருடம், வாய் கொஞ்சம் நீளம். போன வருடம் அவளும் லாம்ப்டாவுக்கு முயன்றவள். ஐந்து வாரத் தேநீர் விருந்துகளையும் தாண்டி, கடைசிப் படியில் விழுந்தவள். அந்தப் படிதான் பெற்றோர் தேநீர். விண்ணப்பித்த பிள்ளைகளின் தாய் தகப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்து, 'என் மகள் ஏன் லாம்ப்டாவுக்கு ஏற்றவள்' என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஷெறோனின் அப்பா இரண்டு நிமிடமும் தான் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

அனோஜினியின் அப்பா வாமதேவன் இந்த வீட்டு விவகாரத்தைக் கேட்ட மாத்திரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்சல் பிரிக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருப்பது அவருக்குப் பிழைப்பு. உயிர் இருப்பது ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்க லண்டன் கிளையில். அதற்கு அவர் செயலாளர். பாட்டு, நிறம், கழுத்துப்பட்டி, வருடாந்த இராப்போசனம், அதில் நடக்கிற அடிபிடி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளைவிட லண்டன் நிர்வாக சபையில் ஆட்கள் கூட. அதுவும் இரண்டு நிர்வாக சபை; கொடியின் நீலம் எந்த நீலம் என்பதில் பிரிந்தவர்கள். கடைசியில் உலகத்தில் உருப்படியான ஒரு கல்லூரியில் மகளைச் சேர்த்திருக்கிறோம் என்ற திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அனோஜினிக்குப் பயமெல்லாம் அம்மா நாகேஸ்வரியை நினைத்துத்தான்.

நாகேஸ்வரிக்கு இங்கிலிஸ் பிரச்சினையே இல்லை. இருபது வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று, வரிசையில் வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளை மரக்கறி தின்ன வைத்தவள். அவளுடைய சிக்கல் வேறு. பெற்ற பிள்ளையைப் பிறர் முன்னால் புகழ அவளுக்கு வாய் வராது. அது வெட்கங்கெட்ட வேலை, நாவூறு வேறு பட்டுவிடும். பின்வீட்டுப் பையன் கொட்வின், தன் தகப்பனின் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்திய அடுத்த நாளே, அவன் தாயிடம், "கொட்வினைப் போல அடக்கமான பிள்ளை இந்த றோட்டிலயே இல்லை" என்று சொன்னாள். தன் மகளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்ததை அதே தாய் விசாரித்தபோது, "அது ஏதோ அருந்தப்பில கிடைச்சது. வேற ஒருத்தரும் கேக்கேல்லையாக்கும்" என்றாள்.

அன்றைக்கு அனோஜினி வீட்டுக்குள் வந்து கத்தினாள். நாகேஸ்வரி வெங்காயம் வெட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"எங்கட எண்டாத்தான், பிள்ளை, குறை சொல்லலாம். பிறத்தியாற்ற பிள்ளையைக் குறை சொல்ல ஏலுமே? அவையை நல்லாத்தான் சொல்லவேணும்."

சொல்லிவிட்டு வெட்டின வெங்காயத்தைத் தாச்சியில் போட்டாள். அவளளவில் விஷயம் அதோடு முடிந்தது.

ஆகவே அனோஜினி ஓர் அட்டையில் ஆறு வசனம் எழுதினாள். 'என் மகள் அன்பானவள். தலைமைப் பண்பு உள்ளவள். சவால்களைக் கண்டு அஞ்சாதவள்.' இப்படி. நான்கு நாள் தாயைக் குசினிக்குள் நிறுத்தி வைத்துச் சொல்லப் பழக்கினாள். நாகேஸ்வரியும் சொன்னாள். 'அன்பானவள்' வருகிறபோதெல்லாம், நாவூறு பட்டுவிடாதபடி சுவரைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். அம்மா, இது எனக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா, நான் அங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று மகள் சொன்னதும் அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். சரி, சொல்றன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லாம்ப்டா மண்டபத்தில் ஊதா நிற மேசைவிரிப்பும் விரல் தடிப்பில் சான்ட்விச்சும் போட்டிருந்தார்கள். வாமதேவன் சங்கத்துக் கழுத்துப்பட்டியில் வந்திருந்தார், சரியான நீலத்தில். நாகேஸ்வரி அரக்குக் காஞ்சிபுரம் கட்டி, அட்டையைக் கைப்பைக்குள் வைத்திருந்தாள்.

முதலில் எழுந்த தகப்பன், தன் மகள் ஒன்பது வயதில் ஒரு கடலாமையைக் காப்பாற்றினாள் என்று சொன்னார். அந்த ஆமை நன்றியோடு திரும்பிப் பார்த்ததாம். அடுத்த தாய், வாழ்க்கை என்றால் என்னவென்று தனக்குக் கற்றுத்தந்ததே மகள்தான் என்று விம்மினாள். மகளுக்கு வயது பதினெட்டு. அதுவரை அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது குடும்பம் திரை கட்டிப் படம் காட்டியது. ஆபிரிக்காவில் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு மகள் வர்ணம் பூசுகிற படம். சுவரில் கால்வாசி பூசப்பட்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நாகேஸ்வரியின் முறை வந்தது. அட்டையை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப உள்ளே வைத்தாள்.

முதலில் மற்றப் பிள்ளைகளைப் புகழ்ந்தாள். ஆமையைக் காப்பாற்றிய பிள்ளை பொன்னான பிள்ளை என்றாள். சுவர் பூசிய பிள்ளையின் பொறுமையை மெச்சினாள். பிறகு, எங்கள் மகள் இப்படியெல்லாம் இல்லை என்று ஆரம்பித்தாள், தெளிவான இங்கிலிஸில். விடுமுறை நாளில் பன்னிரண்டு மணிக்கு முதல் எழும்ப மாட்டாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கால்மணி நேரம் யோசிப்பாள். மூக்குக்கு மேல் கோபம். ஒரு தேத்தண்ணி ஒழுங்காய்ப் போடத் தெரியாது. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் இவளை ஏன் கூப்பிட்டீர்களோ தெரியாது, உங்கள் பெருந்தன்மை. கடைசியாக, ஊரில் முதல் நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற எந்தத் தாயும் வாத்தியாரிடம் சொல்வதை, மரியாதை குறையக் கூடாதென்று அவளும் சொன்னாள்.

"இனி இவள் உங்கட பொறுப்பு. கண் ரெண்டையும் விட்டிட்டு, மிச்சத்தில தோலை உரிச்செண்டாலும் திருத்துங்கோ."

இதையும் இங்கிலிஸில்தான் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

சான்ட்விச்சை வாய்க்குக் கொண்டுபோன கைகள் அப்படியே நின்றன. ஆமைக்காரர் தன் மகளை அருகில் இழுத்துக்கொண்டார். வாமதேவன் மட்டும், மனைவி சபையில் அடக்கமாகவும் அளவாகவும் பேசினாள் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அனோஜினி ஊதா விரிப்பைப் பார்த்தபடி இருந்தாள். கதை முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. திங்கட்கிழமை காலை மாணவர் நலன் அலுவலர் கூப்பிட்டு, மெல்லிய குரலில் பேசி, வீட்டு வன்முறை பற்றிய மூன்று துண்டுப் பிரசுரங்களும் ஒரு பெட்டி கண்ணீர்த் துடைப்பான்களும் தந்தார். மத்தியானம் தட்டடுக்கு மேசைக்கு லாம்ப்டாவின் தலைவி பிளேர் நேரில் வந்தாள். அந்த மேசைக்கு ஒரு வீட்டுத் தலைவி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பிளேரின் கண்கள் கலங்கியிருந்தன. அனோஜினியைக் கட்டிப்பிடித்து, இனி நீ தனியாக இல்லை, நாங்கள்தான் உன் குடும்பம் என்றாள். இரவே வாக்கெடுத்தார்களாம், ஒருவர்கூட எதிர்க்கவில்லையாம். ஊதாக் கடித உறையைக் கையில் வைத்து, கையையும் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அனோஜினி வாயைத் திறந்தாள். பிளேருக்குப் பின்னால் லாம்ப்டா மேசையில் பத்துப் பேர் அவளுக்காகக் கதிரை இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் அவளுக்கு ராஜயோகம். நூலகத்தில் இடம், வகுப்புக் குறிப்பு, பக்கத்தில் எப்போதும் யாராவது. அதற்கு அவள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டும். பரீட்சையில் தொண்ணூற்றாறு எடுத்தபோது மற்ற நாலும் எங்கே என்று அம்மா கேட்டதைச் சொன்னாள். ஆமையைக் காப்பாற்றியவள் அழுதுவிட்டாள். சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னாள். வாரத்தில் ஆறு நாளா என்று மேசையே உறைந்தது. தலையில் எண்ணெய் வைத்ததைச் சொன்னபோது ஒருத்தி, உன் சம்மதத்தைக் கேட்டார்களா என்றாள். ஒவ்வொரு கதைக்கும் யாராவது அவள் தோளைத் தடவினார்கள். தனக்கு இது நன்றாக வருகிறது என்று அவளுக்குப் பட்டது. பட்டபோது உடம்பு கூசியது. இருந்தும் அடுத்த நாளும் ஒரு கதை கொண்டுபோனாள்.

ஷெறோன் அவளைக் கழிவறை வாசலில் பிடித்தாள்.

"உன்ர அம்மா உனக்கு அடிக்கிறவவே?"

"இல்லை."

"அப்ப ஏன் அதை அவையிட்டச் சொல்லேல்லை?"

ஷெறோன் அதற்கு மேல் கேட்காமல் தட்டடுக்கு மேசைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லாம்ப்டாவின் சின்னம் அணிவிக்கும் சடங்கு. புதிய பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருக்கும் அழைப்புப் போனது, வாமதேவன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. உன் பாதுகாப்புக்காக என்று பிளேர் விளக்கினாள். அந்தச் சடங்கில் அனோஜினி ஐந்து நிமிடம் பேச வேண்டும். 'நான் பிறந்த வீடு, நான் தேர்ந்த வீடு' என்பது தலைப்பு. அவளை எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டப் போகிறார்களாம். பிளேரே எழுதிக் கொடுத்தாள். அதில் 'சித்திரவதை' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

வீட்டில் நாகேஸ்வரி பயத்தம் பணியாரம் சுட்டு, பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அரக்குச் சேலையை மறுபடி அழுத்திக் கதவில் மாட்டியிருந்தாள். தாய் தகப்பன் வாறதுதானே என்று கேட்டாள். இல்லை அம்மா, பிள்ளைகள் மட்டும்தான் என்று அனோஜினி சொன்னாள். சரி, நீ கொண்டுபோய்க் குடு என்று நாகேஸ்வரி டின்னை மூடிக் கையில் தந்தாள். சேலையை மடித்துக்கொண்டு மேலே போனாள். அந்தப் படிச் சத்தம் அனோஜினியைச் சுட்டது.

மண்டபத்தில் மெழுகுவர்த்தி, ஊதா அங்கி, ஆமைக்காரர் குடும்பம் முன்வரிசையில். பிளேர் அவளை அறிமுகப்படுத்தும்போதே இரண்டு தாய்மார் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். அனோஜினி கடதாசியை விரித்தாள். முதல் வரியில் கண் ஓட்டினாள். கடதாசியை மடித்தாள்.

"என் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்றாள்.

அதற்குப் பிறகு தானாகவே வந்தது. கார் ஓட்ட ஏழு தரம் சோதனை எடுத்து ஏழு தரமும் சறுக்கினாள். பஸ்ஸில் ஏறினால் நிறுத்தத்தை விட்டுவிட்டு, பக்கத்துச் சீட்டுக்காரியின் வருத்தத்தையெல்லாம் விசாரித்துக்கொண்டு போய்விடுவாள். விசில் அடிக்கிற மாதிரிக் குறட்டை. யாரும் கேட்காமலே ஊருக்கெல்லாம் சமைப்பாள், அதிலும் உப்புக் கூட. எனக்கு முள்ளு எடுத்துத் தருகிறேன் என்று மீனைப் பிசைந்தே கெடுத்துவிடுவாள், பதினெட்டு வயதிலும். ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாது. நான் ரயிலில் அழுதுவிட்டு வருவது அவளுக்குத் தெரியும் போல, ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நாளில் மட்டும் இரண்டு முட்டை பொரிப்பாள். அதுவும் கருகிப் போயிருக்கும்.

பேசப் பேச, வருவது தன் குரல் இல்லை, அம்மாவின் குரல் என்று அனோஜினிக்குத் தெரிந்தது. கொட்வினின் தாயிடம் தன்னைக் குறை சொன்ன அதே குரல். இத்தனை வருடமும் அந்தக் குரலுக்குள் என்ன இருந்தது என்பதும் தெரிந்தது. அவள் அழுதாள். மண்டபமே அழுதது. என்ன துணிச்சல் என்று ஆமைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

பிளேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பிரதாயப்படி அடுத்ததைக் கேட்டாள். "இப்போது நீ தேர்ந்த வீட்டைப் பற்றிச் சொல். எங்களைப் பற்றி."

அனோஜினி வரிசையாக எல்லோரையும் பார்த்தாள். ஒரு வாரமாக அவளுக்குக் கதிரை இழுத்து வைத்தவர்கள். கெட்டவர்கள் என்று ஒருத்தியையும் சொல்ல முடியாது.

"நீங்கள் எல்லோரும் மிகவும் நல்ல பிள்ளைகள்" என்றாள். "கெட்டிக்காரர்கள். வடிவானவர்கள். உங்களில் ஒரு குறையும் சொல்ல எனக்கு இல்லை."

லாம்ப்டா எழுந்து நின்று கைதட்டியது. பிளேர் அவள் சட்டையில் சின்னத்தைப் பொருத்தினாள். சட்டையில் ஓட்டை விழக் கூடாதென்று பின்பக்கம் காந்தம் வைத்த சின்னம். பயத்தம் பணியாரத்தை எல்லோரும் சாப்பிட்டார்கள். இதை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். அம்மா செய்தது என்றாள். கடித்த பாதியை இரண்டு பேர் மெல்லக் கீழே வைத்தார்கள்.

வெற்று டின்னோடு அவள் வீட்டுக்கு வந்தபோது நாகேஸ்வரி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். எப்பிடிப் போச்சு, என்னைப் பற்றிக் கேட்டவையோ என்று கேட்டாள். கேட்டார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சமைத்தால் உப்புக் கூட என்று சொன்னேன் என்றாள் மகள். நாகேஸ்வரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கப் புட்டுப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளதைத்தானே சொன்னாய் என்றாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மகளின் சட்டையில் இருந்த சின்னத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மகளுக்குக் கிடைத்தது, இனி வீட்டுப் பொருள். முறைப்படி குறை சொல்லத் தொடங்கினாள்.

"இதென்ன, தகரம் மாதிரிக் கிடக்கு. இதுக்கே இவ்வளவு பாடு?"

"இல்லை அம்மா" என்றாள் அனோஜினி. "நல்ல வடிவான சாமான். அந்தப் பிள்ளையளும் நல்ல பிள்ளையள். ஒரு குறையும் சொல்லேலாது."

நாகேஸ்வரி மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சின்னத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கவுன்சில் அனுப்பின குப்பை நாள் அட்டவணைக்கு மேல் ஒட்டினாள். காந்தம் நன்றாகப் பிடித்தது.

"அப்ப திங்கக்கிழமை ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டித் தாறன்" என்றாள். "நீ சொல்ற அந்த டூட்டிங் பிள்ளை புட்டுத் தின்னுவாளே?"

"தின்னுவாள். சரியான வாய்க்காரி அம்மா அவள். ஒண்டுக்கும் உதவாதவள்."

"அப்ப சரி" என்று சொல்லி, நாகேஸ்வரி அரிசிமா டின்னைத் திறந்து, திங்கட்கிழமைக்கென்று இன்னும் இரண்டு சுண்டு அளந்து எடுத்துவைத்தாள்.